கரைந்துபோன சாட்சிகள்

அத்தியாயம் ஆறு

ஸ்டெப்னி அன்றைக்கு நான்காவது தடவையாகக் காகிதத் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினான். உள்ளே போனால் மாட்டணும், வெளியே வந்தால் கழற்றிக் கூடையில் போடணும், மறுபடி போனால் புதுசு. செருப்புக்கு ஒரு உறை, கைக்கு ஒரு உறை, வாய்க்கு ஒரு துணி. மருந்து ஃபாக்டரிக்குள் ஒரு கேள்வி கேட்பதற்குள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இத்தனை அலங்காரம்.

"அண்ணி, இன்னும் ரெண்டு நாள் இந்தத் தொப்பியைப் போட்டா என் தலையில இருக்கிற முடியும் போயிடும்."

"இருந்தாத்தானே போறதுக்கு. நட."

அண்ணி என்றால் அவனுடைய சொந்த அண்ணன் மனைவி. சின்ன வயதில் கல் உடைக்கிற கிரஷரில் ஜல்லி சுமந்தவள். இப்போது வேலையில் பழி விழுந்தவர்களுக்காகத் துப்புத் துலக்குகிறாள். சொல்கிறவன் சொல்வதையெல்லாம் சலித்து, உதவாததைக் கீழே தள்ளிவிடுவதால் தொழிலில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். லாரி ஓட்டி முதுகு போன கொழுந்தன் அவள் பின்னாலேயே தொங்கிக்கொண்டு போவதால் அவனுக்கு 'ஸ்டெப்னி'. இரண்டு பெயரையும் வைத்தவர் ஒரே ஆள்தான். அவன் அண்ணன்.

மணி ஒன்று. நாலு மணிக்கு மேனேஜர், பொடி அரைக்கிற அரவைக்காரரின் வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார். 'மருந்தை வேண்டுமென்றே கெடுத்தார்' என்று அதில் ஒரு வரி. அந்த வரியோடு வெளியே போனால் அரவைக்காரருக்கு இந்த ஊரில் மட்டுமல்ல, மருந்து அரைக்கும் எந்த இடத்திலும் வேலை கிடையாது. கூடவே போலீஸ் புகார்.

விஷயம் இவ்வளவுதான். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சுகிற மருந்துப்பொடி அது. துகள் ஐந்து மைக்ரானுக்குள் இருந்தால்தான் நுரையீரல் வரை போகும். ஒரு தலைமுடியின் தடிமனைப் பதினைந்து பங்கு போட்டால் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், மூச்சுத் திணறுகிறவன் திணறிக்கொண்டே இருப்பான். திங்கட்கிழமையிலிருந்து மூன்று முறை அரைத்த பொடியும் லேப் மெஷினில் பதினொன்று, பன்னிரண்டு என்று காட்டியது. இரண்டு வாரம் லீவில் இருந்த அரவைக்காரர் வேலைக்குத் திரும்பியதும் அதே திங்கட்கிழமைதான். லீவுக்கு முன்னால், நல்ல முகமூடி கேட்டுக் கிடைக்காத கோபத்தில், "இந்த மெஷினையே உக்கார வைக்கிறேன் பார்" என்று மேனேஜர் முகத்துக்கு நேராகக் கத்தியிருந்தார். கத்தியதைக் கேட்டவர்கள் பதினாறு பேர்.

வாயால் கெட்டவர்களைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை என்று ஸ்டெப்னி நினைத்தான்.

அரவை அறைக்குப் போகிற வழியில், மூன்று நாளும் நடந்தது போலவே, அரவைக்காரரின் மனைவி டீயோடு நின்றார். இவர்களைத் தேடி வந்து கேஸைக் கொடுத்தவரே அந்தம்மாதான். அவரும் இதே ஃபாக்டரியில்தான் வேலை. நீல ஏப்ரன். முழங்கை வரை நனைந்திருந்தது. தம்ளரை நீட்டிய விரல்களின் நுனி ஊறிச் சுருங்கிப் போயிருந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றாள் அண்ணி.

"மூணு நாளா அதைத்தான் சொல்றீங்க."

ஸ்டெப்னிக்குச் சுருக்கென்றது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு நடந்தான்.

அரவை அறையில் மெஷின் நின்றிருந்தது. அரவைக்காரர் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெஷினைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பன்னிரண்டு வருஷம் தொட்ட மெஷின்.

"இதுல கல்லும் கிடையாது, பிளேடும் கிடையாது" என்று மூன்றாவது நாளாக அதையே சொன்னார். "காத்துதான். காத்து வேகத்துல பொடியோட பொடி மோதி உடையும். காத்து அழுத்தம் குறைஞ்சாதான் பொடி பெருசா வரும். இதோ அழுத்தக் கணக்கு, நிமிஷத்துக்கு நிமிஷம் மெஷினே எழுதினது. ஒரு இடத்துலயாவது குறைஞ்சிருக்கா?"

"குறையல" என்றாள் அண்ணி.

"அப்புறம் எப்படிங்க பெருசாகும்?"

"உங்களைத்தான் கேக்கணும்னு மேனேஜர் சொல்றாரு."

"அவரு சொல்வாரு. அவரு இந்த ரூமுக்குள்ள வந்து வருஷமாச்சு."

அண்ணி ஓரத்தில் சீல் வைத்திருந்த மூன்று டிரம்மைப் பார்த்தாள். ஃபெயிலான பொடி. காவலுக்கு நின்ற சூப்பர்வைசரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒன்றின் மூடியைத் திறக்க வைத்தாள். எஃகுக் கரண்டியால் ஒரு கரண்டி அள்ளினாள். பிறகு கரண்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள்.

பொடி விழவில்லை. கரண்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அண்ணி கரண்டியைத் தட்டினாள். பாதிதான் விழுந்தது, அதுவும் கட்டியாக.

"கிரஷர்ல ஜல்லியைக் கொட்டினா சரியும்" என்றாள். "மணல் ஓடும். தூசி மட்டும்தான் ஒட்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனா காதுக்குள்ள, இமைக்குள்ள ஒட்டியிருக்கிறது எல்லாம் தூசிதான். ஜல்லி எவன் காதுலயும் ஒட்டி நான் பார்த்ததில்லை."

அரவைக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"அண்ணி, அப்போ பொடி சின்னதுதானா?" என்றான் ஸ்டெப்னி.

"பொடி சொல்லுது சின்னதுன்னு. லேப் மெஷின் சொல்லுது பெருசுன்னு. ரெண்டுல ஒண்ணு பொய்."

"எது?"

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும்."

லேப் இன்சார்ஜ் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நாலு பேனா, நாலும் மூடியோடு. மூன்று நாளாக எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான். ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

கரண்டி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கைப்பக்குவம் எல்லாம் ரிப்போர்ட்ல ஏறாதுங்க."

"மைக்ராஸ்கோப்ல பாருங்க" என்றாள் அண்ணி.

முணுமுணுத்துக்கொண்டே ஒரு துளி எண்ணெயில் பொடியைக் கலந்து கண்ணாடியில் வைத்தார். ஸ்டெப்னியும் குனிந்து பார்த்தான். குருணை குருணையாக, அளவுக்கோடு போட்ட வட்டத்துக்குள் எல்லாமே பொடிசுகள். ஐந்து மைக்ரான் கோட்டைத் தாண்டினது ஒன்றோ இரண்டோ.

"சின்னதாத்தானே இருக்கு" என்றான்.

"நீங்க பார்த்தது நூறு துகள். லேசர் மெஷின் கோடிக்கணக்குல பார்க்குது. தெருவுல நூறு பேரைப் பார்த்துட்டு ஊர்க்கணக்கு சொல்வீங்களா?"

"சலிச்சுப் பார்க்கலாமே?"

"இந்தச் சைஸுக்குச் சல்லடை கிடையாது. கண்ணை அடைச்சுக்கும்."

"எங்க அண்ணியை மட்டும் யாரும் அடைக்க முடியல" என்றான் ஸ்டெப்னி. யாரும் சிரிக்கவில்லை. அண்ணிகூடச் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் கடுகடுப்பு ஏறியிருந்தது. அவளுக்குத் தெரியும், லேப்காரர் சொன்னதில் நியாயம் இருந்தது. நூறைக் காட்டிக் கோடியை மறுக்க முடியாது.

"சரி. அந்தக் கோடியோட கணக்கைக் குடுங்க."

"குடுத்தாச்சே. பதினொன்று புள்ளி எட்டு."

"அது சராசரி. மெஷின் எத்தனை தடவை அளந்துச்சு?"

"அஞ்சு."

"அந்த அஞ்சும் வேணும். முதல் நாள்லேர்ந்து கேக்கிறேன்."

"அதுக்கு மேனேஜர் அனுமதி…"

"வாங்கியாச்சு. நேத்தே உங்க மேஜைக்கு வந்திருச்சு. உங்க டீ கோப்பைக்கு அடியில இருக்கு."

இருந்தது. வட்டமாக டீக்கறையோடு. லேப் இன்சார்ஜ் அதைத் துடைத்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, தேடி, பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துபோய், பேப்பர் வைக்கிற ஆளைக் கூப்பிட்டு, அவன் சாப்பிடப் போயிருந்து, கடைசியில் அந்த ஒரு தாள் வெளியே வரும்போது மணி இரண்டரை. ஸ்டெப்னி இதற்குள் ஒரு லாரி லோடை இறக்கியிருப்பான்.

தாளில் ஐந்து வரி. ஏழு புள்ளி இரண்டு. ஒன்பது புள்ளி நான்கு. பதினொன்று புள்ளி ஆறு. பதினான்கு. பதினாறு புள்ளி எட்டு.

"இது என்ன, சீட்டாட்டமா?" என்றான் ஸ்டெப்னி. "ஒவ்வொரு தடவையும் ஏறுது."

"ஒரே பொடிதானே?" என்றாள் அண்ணி.

"ஒரே பொடிதான்" என்றார் லேப் இன்சார்ஜ். "தண்ணியில கலந்து மெஷினுக்குள்ள சுத்த விடுவோம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை லேசர் அடிச்சு அளக்கும்."

"பத்து நிமிஷத்துல பொடி வளர்ந்திருச்சா? என்ன உரம் போடறீங்க?" என்றான் ஸ்டெப்னி.

"ஒட்டிக் கட்டியாகும். அப்படி ஆகுறதும் உண்டு."

அண்ணியின் விரல் இரண்டாவது பத்தியில் நின்றது. அதிலும் ஐந்து எண்கள். பதினான்கு, பதினொன்று, ஒன்பது, ஏழு, ஐந்து.

"இது?"

"மறைப்பு. லேசர் வெளிச்சத்தைப் பொடி எவ்வளவு மறைக்குதுங்கிற கணக்கு. நூத்துக்கு."

"அது ஏன் இறங்குது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டியானா கொஞ்சம் இறங்கும்தான்…"

"மூணுல ரெண்டு பங்கு இறங்கியிருக்கு."

லேப் இன்சார்ஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மறுபடி பார்த்தார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். ஸ்டெப்னிக்குச் சும்மா இருக்க முடியாது. "எங்க வீட்டுல கோடை லீவுக்குப் பசங்க எல்லாம் என் மாமியார் வீட்டுக்குப் போயிட்டா இப்படித்தான் அண்ணி. வீட்டுல சத்தம் குறையும். மிச்சம் இருக்கிறவங்களைப் பார்த்தா எல்லாம் கிழடா இருக்கும். யாருக்கும் வயசு ஏறலை, பொடிசுங்க கிளம்பிடுச்சு, அவ்வளவுதான்."

அண்ணி மெதுவாகத் திரும்பினாள். "இன்னொரு தடவை சொல்லு."

"பொடிசுங்க கிளம்பிடுச்சு."

"அதேதான். யாரும் வளரலை. சின்னதுங்க காணாமப் போயிருக்கு. அதனாலதான் மறைப்பு இறங்குது, அதனாலதான் சராசரி ஏறுது. நம்ம ஆளுக்குச் சாட்சி சொல்ல வேண்டியதெல்லாம் அந்தச் சின்னதுங்கதான். எங்க போச்சு?" லேப் இன்சார்ஜைப் பார்த்தாள். "இந்த மருந்து தண்ணியில கரையுமா?"

"லேசா கரையும். ஆனா…"

"கற்கண்டு முதல்ல கரையுமா, சர்க்கரைத்தூள் முதல்ல கரையுமா?"

"அம்மா, எங்களுக்கு அது தெரியாதா? அதுக்குத்தானே சாதாத் தண்ணி பயன்படுத்தறதில்லை. இதே மருந்தைப் போட்டு, இதுக்கு மேல கரையாதுங்கிற அளவுக்குக் கரைச்சு வெச்ச தண்ணிதான் ஊத்துவோம். அதுல புதுசா போடற பொடி துளிகூடக் கரையாது. வயிறு நிறைஞ்சவன் முன்னாடி சோறு வெச்ச மாதிரி." முதல் தடவையாக அவர் மனிதர் மாதிரி பேசினார். "அதோ, அந்த ஜாடி."

கழுவும் தொட்டியை ஒட்டிய மேடையில் பத்து லிட்டர் கண்ணாடி ஜாடி. கீழே ஒரு குழாய். முக்கால்வாசி தண்ணீர், பளிங்கு மாதிரி. ஜாடியில் ஒரு சின்ன லேபிள், நீல மையில் இரண்டு வார்த்தை.

பழைய தண்ணி.

"இது யார் எழுதினது?"

"நான்தான். முழுப்பேரும் எழுதினா ரெண்டு வரி வரும். லேப்ல எல்லாரும் இப்படித்தான் சொல்வோம்."

அண்ணி இரண்டு கண்ணாடித் துண்டு கேட்டாள். ஒன்றில் ஜாடித் தண்ணீர் ஒரு துளி. இன்னொன்றில், ஒரு குப்பித் தண்ணீரில் பொடியைப் போட்டு லேப் இன்சார்ஜ் கையாலேயே குலுக்கி வடிகட்டிய தண்ணீர் ஒரு துளி. இரண்டையும் சூட்டுத்தட்டில் வைத்தார்கள். துளிகள் சுருங்கின, வற்றின.

குலுக்கிய துளி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். ஜாடித் துளி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சுத்தமான கண்ணாடி.

"உங்க பழைய தண்ணி" என்றாள் அண்ணி, "புதுத் தண்ணி."

லேப் இன்சார்ஜின் முகம் வெளுத்து, அடுத்த நொடி சிவந்தது. போனை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் மேனேஜர் வந்தார். பின்னாலேயே அரவைக்காரரையும் கூட்டிவந்தார்கள்.

"சதி சார்" என்றார் லேப் இன்சார்ஜ். "யாரோ ஜாடியை மாத்தியிருக்காங்க. திங்கட்கிழமைக்கு முன்னாடி எல்லாம் சரியா இருந்துச்சு."

மேனேஜர் அரவைக்காரரைப் பார்த்தார்.

"நான் லேப்புக்குள்ள வந்ததே இல்லைங்க. என் கார்டுக்குக் கதவு திறக்காது."

"ஞாயித்துக்கிழமை இங்க யார் வந்தாங்க?" என்றாள் அண்ணி.

"யாரும் வரமாட்டாங்க. லீவு. வாராந்திரக் கழுவல் மட்டும்தான்."

"கழுவறது யாரு?"

கேட்ட பிறகுதான் ஸ்டெப்னிக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது. ஊறிச் சுருங்கின விரல் நுனிகள். மூன்று நாளாக அந்த விரல்களிலிருந்து டீ வாங்கிக் குடித்திருக்கிறான்.

பக்கத்துக் கழுவும் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நீல ஏப்ரனோடு அந்தம்மா நின்றார். கையில் ஈரக் குடுவை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார், எதுவும் புரிந்திருக்கவில்லை.

"அந்த ஜாடியா? நான்தான் கழுவினேன்" என்றார். "முந்தி கழுவினவங்க நின்னுட்டாங்க, போன வாரம்தான் என்னை இந்தப் பக்கம் போட்டாங்க. பார்த்தா அடியில வெள்ளையா படிஞ்சு கிடந்துச்சு. பழைய தண்ணின்னு எழுதியும் இருந்துச்சு. சரி, கொட்டணும்னுதான் எழுதி வெச்சிருக்காங்கன்னு கொட்டிட்டு, நல்லாத் தேய்ச்சு, சுத்தத் தண்ணிக் குழாய்லேர்ந்து புதுசா பிடிச்சு வெச்சேன். ஏன், ஏதாவது…"

அந்தம்மா கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். குடுவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நானா?" என்றார் அந்தம்மா.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. லேப் இன்சார்ஜ் மளமளவென்று பொடியைப் போட்டுத் தண்ணீரைக் கலக்கி, வடிகட்டி, அதில் மூன்று டிரம்மின் பொடியையும் அளந்தார். டிரம் ஒன்றுக்கு ஐந்து தடவை. மூன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி இரண்டு. எண்கள் நகரவே இல்லை. மறைப்பும் பதினான்கில் நின்றது நின்றபடி. பன்னிரண்டு வருஷத்தில் அரவைக்காரர் அரைத்ததிலேயே இதுதான் நைஸ் என்று சூப்பர்வைசர் மெதுவாகச் சொன்னார்.

மூன்றே முக்காலுக்கு மேனேஜர் அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தார். "நன்றி. மேற்கொண்டு உரிய நடவடிக்கை எடுத்துக்கிறோம்" என்றார்.

வாசலில் அரவைக்காரரும் மனைவியும் தள்ளித் தள்ளி நின்றார்கள். "வீட்டுல என் பழைய சட்டையை எல்லாம் கரித்துணியாக்கினப்பவே நான் உஷாராகியிருக்கணும்" என்றார் அவர். அந்தம்மா சிரிக்கவில்லை. ஈர ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அது இன்னும் ஈரமானது.

ஸ்டெப்னி தொப்பியைக் கூடையில் எறிந்தான். வண்டியைக் கிளப்பினான். அண்ணி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"கேஸ் முடிஞ்சுது. அப்புறமும் ஏன் அண்ணி கண்ணாடியில உங்க மூஞ்சி அப்படியே இருக்கு?"

"மூணு நாள்" என்றாள் அண்ணி. "அரவைக்காரரைக் கேட்டோம், மேனேஜரைக் கேட்டோம், வாட்ச்மேனைக் கூடக் கேட்டோம். டீ குடுத்த அந்தம்மாகிட்ட, நீங்க இங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நான் ஜல்லி சுமந்தப்போ என்கிட்டயும் எவனும் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தா கிரஷர் பெல்ட் நைஞ்சிருக்குன்னு சொல்லியிருப்பேன், அது அறுந்து ரெண்டு பேர் கை போயிருக்காது."

கேட்டைத் தாண்டி முதல் வளைவுக்கு வந்தபோது அவள் அவன் தோளை அழுத்தினாள்.

"உரிய நடவடிக்கைன்னு சொன்னாரே. யார் மேல?"

ஸ்டெப்னி பிரேக் போட்டான்.

"திருப்பு."

இந்தத் தடவை தொப்பி மாட்டவில்லை, மாட்டச் சொன்னவரையும் அண்ணி பொருட்படுத்தவில்லை. மேனேஜர் அறையில் லேப் இன்சார்ஜ் உட்கார்ந்திருந்தார். மேஜையில் புது மெமோ. காரணம்: கவனக்குறைவு. பெயர் என்ற இடத்தில் அந்தம்மாவின் பெயரும் டோக்கன் நம்பரும் டைப் அடித்திருந்தது. பேனா மூடி கழன்றிருந்தது.

"லேப்புல எல்லாருக்கும் தெரிஞ்ச பேருன்னீங்க" என்றாள் அண்ணி, லேப் இன்சார்ஜிடம். "கழுவ வந்தவங்ககிட்ட சொன்னது யாரு?"

அவர் சட்டைப் பையின் பேனாக்களை நேராக்கினார்.

"உங்க சட்டப் புத்தகத்துல லேபிள் எப்படி இருக்கணும்னு போட்டிருக்கு? முழுப் பேரு, தேதி, கையெழுத்து, கொட்டக்கூடாதுன்னு ஒரு வரி. நாலுல எத்தனை இருந்துச்சு?"

மேனேஜர் லேப் இன்சார்ஜைப் பார்த்தார். "இருந்துச்சா?"

"அந்த லேபிளைப் பார்த்துத்தான் சார் சொல்லணும்" என்றார் அவர் மெதுவாக. "இப்போ ஜாடியில அது இல்லை. உரிஞ்சிருக்கும்."

"உரிச்சது நான்தான்" என்றாள் அண்ணி.

பையைத் திறந்து அந்தச் சின்ன லேபிளை எடுத்தாள். கொஞ்சம் பசை இன்னும் மிச்சமிருந்தது. மெமோவை ஒரு விரலால் தன் பக்கம் திருப்பி, பெயர் என்ற இடத்தில், அந்தம்மாவின் பெயருக்கு மேலேயே ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இந்த எழுத்து யாரோடதுன்னு பார்த்து அந்தப் பேரைப் போடுங்க."

மேனேஜர் நீல மையைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த சட்டைப் பையின் நாலு பேனாவைப் பார்த்தார். தன் பேனாவை மூடினார்.

மணி நாலு அடித்தது. வெளியே நடைபாதையில் அந்தம்மா மறுபடி டீயோடு நின்றார். இந்தத் தடவை ஸ்டெப்னி தம்ளரை வாங்குவதற்கு முன்னால் கேட்டான்.

"அம்மா, உக்காருங்க. உங்க வேலையில என்னென்ன செய்யணும், முதல்லேர்ந்து சொல்லுங்க."